ரியூப்பை மாற்றினால் சிரங்கு மாறுமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். என் மகனுக்கு ஐந்து வயது, முன்பள்ளிக்குப் போகிறான். கார்த்திகை மழையோடு மூக்குக்குக் கீழே சிறிய கொப்புளம் ஒன்று வந்து, உடைந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. பாமசியில் பியூசிடிக் அசிட் கிறீம் தந்தார்கள். மூன்று நாள் பூசியதும் காய்ந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் நாடியிலும் வந்தது. அந்தக் கிறீமுக்குச் சக்தி போதாது என்று நினைத்து, லண்டனிலிருந்து வந்த மச்சாள் விட்டுப்போன வேறொரு ரியூப்பைப் பூசினேன். இரண்டே நாளில் சிவப்புக் குறைந்தது. ஆனால் இப்போது கை, முழங்கால் எல்லாம் பரவிவிட்டது. இரவில் சொறிந்துகொண்டே இருக்கிறான். தண்ணீர் படக்கூடாது என்று அம்மம்மா குளிக்க வார்க்க விடுகிறார் இல்லை. புண் மாறும்வரை அனுப்ப வேண்டாம் என்று ரீச்சர் சொல்கிறார். இதைவிடச் சக்தி கூடிய கிறீம் எது? எத்தனை நாள் பூச வேண்டும்? என் அப்பா சீனி வருத்தக்காரர். அவருக்கும் கால் பெருவிரலில் ஒரு புண் இருக்கிறது. வலி இல்லை என்கிறார், வயலுக்கும் போய்வருகிறார். அவரும் இதே கிறீமைத்தான் பூசுகிறார், பரவாயில்லையா?
– தென்மராட்சியிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்குப் பொறுத்திருக்க நேரமில்லை. உங்கள் அப்பாவின் விரலில் அந்தக் கிறீமைப் பூசுவது பரவாயில்லை அல்ல. அவரை நாளைக் காலையே சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கோ உங்களுக்குப் பக்கத்திலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். வலி இல்லை என்று அவர் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. எனக்கு அதுதான் பயம். சீனி வருத்தம் நாட்பட்டவர்களின் பாத நரம்புகள் உணர்வை இழந்துவிடும். முள் ஏறினாலும் செருப்பு வெட்டினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், மேலே ஒரு பொட்டுப் போலத் தெரியும் புண் அடியில் எலும்பு வரைக்கும் போயிருக்கலாம். தோலின்மேல் பூசும் கிறீம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. மருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்ற நிம்மதியில் நாட்கள்தான் வீணாகும். இரத்தத்தில் சீனியின் அளவு, பாதத்தின் நாடித்துடிப்பு, தேவையானால் ஒரு எக்ஸ்ரே, இவை பார்க்கப்பட வேண்டும். விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு பாதத்துக்கு ஏறினாலோ, காய்ச்சல் காய்ந்தாலோ நாளை வரை காத்திராமல் இன்றிரவே போங்கள்.

இன்னொன்று. மாரி காலத்தில் அந்தப் புண்ணோடு வெறுங்காலில் வயற்சேற்றுக்குள் அவர் இறங்கக்கூடாது. நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் மெலியோயிடோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா இருக்கிறது. புண்வழியாக உள்ளே போகும் அது சீனி வருத்தக்காரரையே அதிகம் பிடிக்கும். வழமையான மருந்துகள் பலவற்றுக்கு மசியவும் மசியாது. களை பிடுங்குவதற்கு இம்முறை வேறு யாரையாவது பிடியுங்கள்.

இனி மகனிடம் வருகிறேன். நான் அவனைப் பார்க்கவில்லை. ஆனாலும் மூக்கடியில் தொடங்கி, உடைந்து, தேன் காய்ந்தது போன்ற மஞ்சள் பொருக்கு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது பற்றீரியாவால் வரும் சிரங்குதான். மருத்துவத்தில் இம்பெட்டைகோ என்போம். பெரும்பாலும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமியும், சிலவேளை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜீனஸ் என்ற கிருமியும், சிலவேளை இரண்டும் சேர்ந்தும் இதை உண்டாக்கும். நல்ல தோலை இவை எளிதில் துளைப்பதில்லை. நுளம்புக் கடியைச் சொறிந்த இடம், சளி ஒழுகித் துடைத்துத் துடைத்து உரிந்த மூக்கடி, விழுந்து தேய்ந்த முழங்கால், இவைதான் அவற்றுக்கு வாசல்.

"இதைவிடச் சக்தி கூடிய கிறீம் எது?" இந்தக் கேள்வி கிளினிக்கில் என் காதில் விழாத நாளில்லை. முதலில் தந்த கிறீம் சக்தி குறைந்தது அல்ல, தங்கச்சி. பியூசிடிக் அசிட் 1962 முதல் பாவனையில் உள்ள மருந்து. டென்மார்க்கில் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. மியூபிரோசின் என்ற மற்றக் கிறீமும் அதே உற்பத்தியைத்தான் வேறு படியில் தடுக்கிறது. ஓரிரு இடங்களில் மட்டும் உள்ள சிரங்குக்கு இரண்டுமே போதும். மியூபிரோசின் "கூடியது" என்று பாமசியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிற மருந்துகளுக்கு மசியாத ஸ்டபிலோகொக்கஸுக்கென்று நாங்கள் அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் கிறீம் தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. மூன்றாம் நாள் மேற்பரப்பு காய்ந்ததும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

எத்தனை நாள் என்றால், ஒரு நாளைக்கு மூன்று தரம், ஐந்து நாள். மூன்றாம் நாளே அழகாகிவிட்டாலும் ஐந்து நாளும் பூசுங்கள். மறுபக்கமாக, இரண்டு மூன்று நாளில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் அதே கிறீமை இரண்டு வாரம் இழுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏழு நாளுக்கு மேல் உங்கள் எண்ணத்தில் பூசவே வேண்டாம். பியூசிடிக் அசிட்டை நீட்டிப் பூசினால் கிருமி மிக எளிதாக அதற்குப் பழகிவிடும். நம் சனம் பெருவாரியாக வாழும் நோர்வேயிலும், பக்கத்துச் சுவீடனிலும் 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்த மருந்துக்கு மசியாத ஒரு ஸ்டபிலோகொக்கஸ் வகை பிள்ளைகளிடையே சிரங்காகப் பரவியது. அங்கேயே அப்படியென்றால், ஒரு ரியூப்பை வீடு முழுவதும் பங்குபோட்டு, கடிக்கும் வெட்டுக்கும் பருவுக்கும் ஒரு விரல் பூசி வைக்கும் நம் பழக்கத்தை என்னவென்று சொல்வது?

இப்போது மச்சாளின் ரியூப். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கி, பிறகு உடம்பெல்லாம் பரவியது என்கிறீர்கள். அது அன்ரிபயோட்டிக் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீரொயிட் கலந்த கிறீம் என்றே சந்தேகிக்கிறேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறிய எழுத்தைப் பாருங்கள். பீட்டாமெதசோன், டெக்சாமெதசோன், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்று "சோன்" என முடியும் பெயரோ, குளோபெட்டசோல் என்ற பெயரோ இருந்தால் அது ஸ்டீரொயிட். சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டுவதன் அடையாளம். ஸ்டீரொயிட் அந்த மல்லுக்கட்டை அடக்கும். பார்ப்பதற்குத் தோல் தெளிந்துவிடும், கிருமியோ தடையில்லாமல் பெருகும். படர்தாமரைக்கு இதைப் பூசி, வட்டம் தெரியாமல் தொடை முழுக்கப் பரவவிட்டு வருபவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். எக்சிமா எனப்படும் கிரந்தித் தோலில் கிருமி சேர்ந்திருக்கும்போது இத்தகைய கலப்புக் கிறீமை நாங்களும் சில நாட்களுக்கு எழுதுவதுண்டு. அது பார்த்து எழுதுவது. பிள்ளையின் முகத்தில், பார்க்காமல், விமானத்தில் வந்த ரியூப்பை வைத்துச் செய்வதல்ல. சில நாட்கள் மட்டும் பூசியதால் உடனே நிறுத்தலாம், பின்விளைவு வராது.

வேறு சில பழைய கிறீம்களில் நியோமைசின், பிரமைசெட்டின் இருக்கும். ஸ்ட்ரெப்டோகொக்கஸிடம் இவற்றின் பருப்பு நன்றாக வேகாது. போதாக்குறைக்குச் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். பூசிய இடம் முன்பைவிடச் சிவந்து நமைத்தால், மருந்து போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் அப்பாமல் நிறுத்துங்கள்.

லண்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 2020 இல் வந்த வழிகாட்டலின்படி, ஓரிடத்தில் மட்டும் உள்ள சாதாரண சிரங்குக்கு அங்கே முதலில் யோசிப்பது நுண்ணுயிர்க்கொல்லிக் கிறீமை அல்ல. ஒரு வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் கிறீம் என்ற கிருமிநாசினியைத்தான். கிருமிகள் பழகிவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, பாமசியில் போத்தலில் விற்கும் பெரொக்சைட் திரவத்தைப் பிள்ளையின் முகத்தில் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

பூசும் முறை பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொருக்கின்மேல் மருந்து பூசுவது, ஓடு மேய்ந்த கூரையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அறைக்குள் ஈரமாகும் என்று காத்திருப்பது போன்றது. கிருமி பொருக்குக்குக் கீழே இருக்கிறது. கொதித்தாறிய இளஞ்சூட்டு நீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, பொருக்கின்மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். ஊறியதும் சவர்க்காரத்தால் மெதுவாகத் துடைத்தால் தானே கழன்று வரும். வராததைப் பிய்க்க வேண்டாம், அடுத்த முறை வரும். ஒற்றி உலர்த்துங்கள். பிறகு மெல்லிய படலமாக, புண்ணின் ஓரத்துக்குச் சற்று வெளியேயும் சேர்த்துப் பூசுங்கள். ஒரு புண்ணுக்கு ஒரு பச்சைப்பயறு அளவு தாராளம். வெள்ளையாக அப்பினால் ரியூப் தீருமே தவிரப் புண் விரைவாகக் காயாது. ரியூப்பின் வாயைப் புண்ணில் முட்டவிடாதீர்கள், பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பூசுங்கள். பூசுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கையைக் கழுவுங்கள். கண்ணுக்குள் பட்டால் எரியும், எனவே கண்ணோரத்தில் கவனம்.

ஆனால் உங்கள் மகனுக்கு இந்த முறையும் இனிப் போதாது. முகம், கை, முழங்கால் என்று பல இடங்களில் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தேடிக் கிறீம் பூசிக்கொண்டு திரிவதில் பயனில்லை. வாயால் கொடுக்கும் அன்ரிபயோட்டிக்தான் வேண்டும். புளுகுளொக்சசிலின், செபலெக்சின் போன்றவற்றில் ஒன்றை நிறைக்கேற்ப எழுதித் தருவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளையென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து உண்டு. பாணி தொடங்கினால் கிறீமைக் கூடவே பூசத் தேவையில்லை. அண்ணனுக்குத் தடிமனுக்குத் தந்த பாணியில் மிச்சம் இருக்கிறதே என்று அலுமாரியைத் திறக்க வேண்டாம். பச்சைக்குழந்தை, பெரிய நீர்க்கொப்புளம், காய்ச்சல், சிவப்பு சூடாக வீங்கிப் பரவுவது, இவற்றில் எதுவானாலும் கிறீமைப் பற்றியே பேசக்கூடாது. சீழ்க்கட்டியும் அப்படித்தான். அதைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், மேலே பூசிப் பயனில்லை.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த வரி, "இரவில் சொறிந்துகொண்டே இருக்கிறான்" என்பது. சிரங்கு மட்டும் இருந்தால் இவ்வளவு நமைச்சல் வழமையல்ல. இரவில் கூடும் நமைச்சல் சொறியின் குணம். சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுவதால் வருவது. நமைக்கும், சொறிவான், தோல் கிழியும், கிழிந்த இடத்தில் பற்றீரியா ஏறும். மேலே உள்ள சிரங்குக்கு எத்தனை ரியூப் பூசினாலும் அடியில் பூச்சி இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்கும். நாளை பகல் வெளிச்சத்தில் அவனுடைய விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, ஆண்குறி ஆகிய இடங்களில் சிறு பருக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் வேறு யாருக்கும் இரவில் நமைக்கிறதா என்று கேளுங்கள். அம்மம்மாவிடமும் கேளுங்கள். வயதானவர்கள் வெட்கத்தில் சொல்லமாட்டார்கள்.

சொறி என்று உறுதியானால் மருந்து பிள்ளைக்கு மட்டுமல்ல. நமைக்கிறவர், நமைக்காதவர் என்று பாராமல் வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். ஐந்து வீத பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியும் விடாமல் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரத்தில் மீண்டும் ஒருமுறை பூசுவது வழமை. ஒருவர் தப்பினால் எல்லோருக்கும் திரும்ப வரும். புண் பச்சையாக இருக்கும்போது அது எரியும் என்பதால், எதை முதலில் தொடங்குவது என்று வைத்தியர் சொல்வார். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். படுக்கை விரிப்பு, துவாய், உடுப்புகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். மழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி மூன்று நான்கு நாள் ஒதுக்கி வைத்தாலும் பூச்சி செத்துவிடும். மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் நமைச்சல் இருக்கலாம், அது மருந்து தோற்றதன் அறிகுறி அல்ல.

தலையையும் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த தலையிலும் சிரங்கு வரும், பிடரியில் நெறி கட்டும். சொறியும் பேனும் இல்லையென்றால் மூக்கைச் சந்தேகியுங்கள். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவரின் மூக்குக்குள் ஸ்டபிலோகொக்கஸ் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மூக்கை நோண்டிய விரல்தான் அதை முழங்காலுக்குக் கொண்டுபோகிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அடிக்கடி வந்துகொண்டிருந்தால் மூக்குக்குள் பூசும் மருந்து பற்றி வைத்தியர் முடிவெடுப்பார். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

அம்மம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் பிள்ளையைக் குளிக்க வாருங்கள். தண்ணீரும் சவர்க்காரமும் படாத புண்தான் பரவும். வேப்பிலை போட்டுக் கொதித்தாறிய தண்ணீரில்தான் வார்ப்பேன் என்று அவர் சொன்னால் வார்க்கட்டும், அதனால் கெடுதலில்லை. மஞ்சளை அரைத்து அப்புவதை மட்டும் தடுத்துவிடுங்கள். அது காய்ந்து இன்னொரு பொருக்காகும், புண்ணின் நிறத்தையும் எங்களுக்குக் காட்டாமல் மறைக்கும். கிணற்றடியில் எல்லோருக்கும் ஒரே துவாய் என்ற வழக்கத்தைப் புண் மாறும்வரை நிறுத்திவையுங்கள்.

ரீச்சர் சொன்னது பாதி சரி. புண்கள் காய்ந்துவிட்டாலோ, அன்ரிபயோட்டிக் தொடங்கி 48 மணித்தியாலம் கடந்துவிட்டாலோ பிள்ளை முன்பள்ளிக்குப் போகலாம். கடைசித் தழும்பும் மறையும்வரை வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. அதுவரை அந்த இரண்டு நாள் தண்ணீர் விளையாட்டும் களிமண் விளையாட்டும் வேண்டாம்.

எல்லாம் மாறிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகொக்கஸால் வந்த சிரங்காக இருந்தால், தோல் ஆறிய பின்னும், தொடங்கியதிலிருந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், அரிதாகச் சில பிள்ளைகளின் சிறுநீரகம் அழற்சியடையும். அதனால் தை மாதம் முடியும்வரை காலையில் அவன் எழும்பும்போது கண்மடல் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகிறதா, வழமையைவிடக் குறைவாகப் போகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றைக் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், முந்தின மாதம் சிரங்கு இருந்ததையும் என்னென்ன பூசினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மச்சாளின் ரியூப்பை அதுவரை எறியாமல் வைத்திருங்கள், கூடவே கொண்டுபோய்க் காட்டலாம். பூசத்தான் கூடாது.